முதலில் முட்டு, பிறகுதான் துடைப்பம்: தீப்பட்ட கடைவீட்டைக் காப்பது பற்றி

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பழைய கடைவீடு (கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்டது) ஒன்றில் தீப்பிடித்தால், பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் வண்டிகள் திரும்பிப் போனதும் உரிமையாளர்கள் முதலில் தேடுவது குப்பை அள்ளும் ஆட்களைத்தான். கருகிய மரமும் நொறுங்கிய ஓடும் ஈரச் சாம்பலும் கண்ணை உறுத்தும்போது அந்த அவசரம் இயல்பானதே. ஆனாலும், என் அத்தையின் வீட்டை மீட்கும் பொறுப்பு என் கைக்கு வந்த பின் நான் கண்டது வேறு: இத்தகைய வீடுகளைத் தீ அழிப்பதைக் காட்டிலும், அதையடுத்து வரும் மழையும், பிடிமானம் இழந்த சுவர்களும், முறையறியாத துப்புரவும் அழிப்பதே அதிகம்.

அத்தையின் வீடு சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. இப்பகுதியில் இத்தனை வீடுகள் வெறுமையாகக் கிடப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அதன் பாதுகாப்பு முற்றிலும் விலகியது. பழைய வாடகைக்கு இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் ஏராளமாக வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து இந்நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் புத்துயிர் பெற்றன. பங்காளிகள் பலர் பெயரில் பிரிந்து கிடக்கும் பத்திரங்களை உடைய வீடுகளோ பூட்டியபடியே நின்றுவிட்டன. எங்கள் வீடும் அந்த வகைதான். பக்கத்து வீட்டின் பின்கட்டில் பிடித்த தீ, கூரை வழியாகத் தாவி எங்கள் மேல்மாடியைத் தின்றது.

கடைவீட்டின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பது விளங்கும். இரு பக்கத்துச் சுவர்களும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை; அவை பெரும்பாலும் அண்டை வீட்டாருக்கும் பொதுவானவை. மேல்மாடித் தளத்தைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் அச்சுவர்களுக்குள் செருகப்பட்டிருக்கும். அந்த உத்தரங்கள் தளத்தைச் சுமப்பதோடு, இரு சுவர்களையும் ஒன்றுக்கொன்று பிடித்துக்கொண்டு நிற்கவும் வைக்கின்றன. தளமும் கூரையும் எரிந்து விழுந்துவிட்டால், இரண்டு மாடி உயரச் சுவர் பக்கத்துணை ஏதுமின்றித் தனியே நிற்கிறது. தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீரையும் அதற்குப் பின் பெய்யும் மழையையும் அது உறிஞ்சிக்கொள்ள, வெப்பத்தால் நலிந்த சுண்ணாம்புச் சாந்து சிறிது சிறிதாகக் கரைந்து இறங்குகிறது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் மழையை அறிந்தவர்களுக்கு, திறந்த சுவரின் தலைப்பில் அது என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை முட்டுக் கொடுப்பது. பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் மேல்மாடிக்கு ஏறக்கூடாது. அவர் சொல்லும் இடங்களில் இரும்புச் சாரமும் குறுக்குச் சட்டங்களும் நிறுத்திய பிறகே உள்ளே ஆள் இறங்க வேண்டும். விழுந்து கிடக்கும் மரங்களைக்கூட அதற்கு முன் இழுக்கக் கூடாது, ஏனெனில் சாய்ந்து கிடக்கும் ஓர் உத்தரமே அந்த நேரத்தில் சுவருக்கு முட்டாக இருக்கக்கூடும். முன்புறத்து அஞ்சடியையும், அதாவது கடைவீட்டு முகப்பின் கீழ் செல்லும் நடைபாதையையும், அடைக்க வேண்டும். கூரை விளிம்பில் தொங்கும் ஒற்றை ஓடு, கீழே பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளையின் தலையில் விழப் போதுமானது. அஞ்சடியையோ சாலையின் ஓரத்தையோ மறிப்பதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, ஆபத்தான நிலையிலுள்ள கட்டடத்தைப் பாதுகாக்கவோ இடிக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரமும் மன்றத்துக்கு இருக்கிறது. நாமே முந்திக்கொண்டு முட்டுக் கொடுத்து விவரத்தைத் தெரிவித்துவிட்டால், இடிக்க வேண்டும் என்ற பேச்சு எழும் வாய்ப்பு குறையும்.

எங்கள் வேலைக்கு வந்த ஆசாரி, பட்டர்வொர்த்தில் படகு வேலையும் வீட்டு வேலையும் பார்த்து வளர்ந்தவர். கட்டுமானக் குத்தகையாளர் ‘முழுக்கக் கரிந்துவிட்டது, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்’ என்று சொன்ன ஓர் உத்தரத்தின் அருகே அவர் உட்கார்ந்து, உளியால் கரியைப் பொறுமையாகச் செதுக்கினார். கறுப்புத் துகள்கள் உதிர, ஏறத்தாழ ஒரு விரற்கடை ஆழத்தில் பழுப்பு நிறச் செங்கால் என்ற கடின மரம் பளிச்சென்று வெளிப்பட்டது. சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக் கேட்டுவிட்டு, ‘தம்பி, இது செத்த மரமில்லை, கணீர்னு பேசுது பாருங்க. மாத்துறதுன்னா இந்தக் காலத்துல இதே தடிமன் எங்கே கிடைக்கும்?’ என்றார். ‘அப்படியானால் இருக்கட்டும் அண்ணே, முனையை மட்டும் பாருங்கள்’ என்றேன்.

அவர் சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. அடர்த்தியான கடின மரம் தீயில் நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் அளவே கரியாகிறது. அந்தக் கரியே போர்வையாகி உள்மரத்துக்கு வெப்பம் போகாமல் தடுக்கிறது. ஆகவே அரை மணி நேரம் எரிந்த கனத்த உத்தரம் இரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் இழந்திருந்தாலும், நடுவில் நல்ல மரம் மிஞ்சியிருக்கும். இதற்கு மாறாக, பின்னாளில் யாரோ சேர்த்த இரும்புச் சட்டங்கள் 550 முதல் 600 பாகை செல்சியஸில் தம் வலுவில் பாதியை இழந்து வளைந்துவிடுகின்றன. பார்வைக்கு அழகாக இருக்கும் இரும்பைச் சந்தேகியுங்கள்; கோரமாகத் தெரியும் மரத்தை உளியால் சோதியுங்கள்.

அடுத்து கூரைக்கும் சன்னல்களுக்கும் வருகிறேன். தார்ப்பாயைத் தட்டையாக விரித்தால் மழைநீர் நடுவில் தேங்கிக் கிழித்துக்கொண்டு விழும். மரச்சட்டம் கட்டிச் சரிவாக இழுத்து, விளிம்பு சுவருக்கு வெளியே நீளும்படி கட்ட வேண்டும். சன்னல்களை அடைக்கும் ஒட்டுப்பலகையைப் பழைய மரச்சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்தாதீர்கள். உட்புறம் ஒரு குறுக்குக் கட்டையை வைத்து, பலகையைத் துளைத்துப் போகும் நீண்ட போல்ட்டினால் முறுக்கினால், சட்டமும் கெடாது, வெளியிலிருந்து நெம்பவும் முடியாது. பலகையின் மேற்பகுதியில் காற்று போக ஓட்டைகள் வேண்டும். முற்றாக மூடிய ஈர வீட்டில் பூஞ்சை வெகு விரைவில் சுவரேறும். நுழைவதற்கு ஒரே ஒரு வாசல், ஒரே பூட்டு, சாவி யாரிடம் உள்ளது என்ற குறிப்பு ஆகியவை போதும். தாமிரக் கம்பிக்காகவும் பழைய இரும்புக்காகவும் புகுபவர்கள் தீப்பட்ட வீட்டைத்தான் குறிவைக்கிறார்கள் என்பதை எங்கள் தெருவாசிகள் எல்லாரும் அறிவார்கள். மின் இணைப்பை மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல் முறைப்படி துண்டித்தாக வேண்டும். தண்ணீர்க் குழாயையும் அடைக்க வேண்டும்.

தேங்கிய நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இடிந்த கூரையின் கீழ் உடைந்த ஓடு, சாய்ந்த பீங்கான், முற்றத்துச் சாக்கடை என ஒவ்வொன்றும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் காலி வீட்டின் உரிமையாளரையும் விட்டுவைப்பதில்லை. அபராதத்தைவிட, டிங்கிக் காய்ச்சலில் படுக்கும் அண்டை வீட்டுக்காரரே எனக்குப் பெரிய கவலை. வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய் நீரைக் கவிழ்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே துப்புரவு. அதிலும் முதலில் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு சுவரையும் நிழற்படமெடுங்கள். பொம்பாவின் தீ அறிக்கை, காவல்துறைப் புகார், காப்புறுதி மதிப்பீட்டாளரின் வருகை ஆகியவை நிறைவேறும்வரை முட்டுக் கொடுப்பது, மழையைத் தடுப்பது, தேங்கிய நீரைக் கவிழ்ப்பது தவிர வேறெதையும் அசைக்காதீர்கள். ரோரோ தொட்டி (லாரியில் ஏற்றிப்போகும் பெரிய குப்பைத் தொட்டி) வந்து நின்றதும் எல்லாவற்றையும் அதில் கொட்டும் ஆர்வம் வேலையாட்களுக்கு வந்துவிடும். முழுதாகத் தப்பிய பழைய ஓடுகள், பூவேலைத் தரைக்கற்கள், சன்னல் கதவுகள், கீல்கள், கருங்கல் படிகள் எல்லாம் உள்ளேயே ஓர் உலர்ந்த மூலையில் அடுக்கப்பட வேண்டியவை. ஊறிய சாம்பலும் ஓடும் கனமானவை என்பதால், எஞ்சியிருக்கும் மாடித் தளத்தில் குவிக்காமல் சிறு வாளிகளில் இறக்க வேண்டும்.

சாம்பல் நிறத்தில், நெளிவுடனோ தட்டையாகவோ உடைந்து கிடக்கும் பழைய கூரை, உட்கூரைத் தகடுகளைக் கண்டால் கை வைக்காதீர்கள். அவை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தவையாக இருக்கக்கூடும். உடைத்தாலும் பெருக்கினாலும் அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போய்விடும். கல்நார்க் கழிவு 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 201 என்ற குறியீட்டோடு பட்டியலிடப்பட்ட ஆபத்தான கழிவாகும். சாதாரண ரோரோ தொட்டியில் போடச் சட்டம் இடம் தராது. உரிமம் பெற்றவர்களை அழையுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

சுவரில் படிந்த கரியை நீரடித்துக் கழுவுவதுதான் நான் கண்டவற்றுள் மிக மோசமான வழக்கம். அழுத்தத்தோடு பாயும் நீர் கரியைச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஆழமாகத் தள்ளி, பூச்சையும் பெயர்த்துவிடும். என்95 முகக்கவசம் அணிந்து, மென்தூரிகையாலும் நுண்வடிகட்டி உள்ள தூசுறிஞ்சியாலும் உலர்ந்த நிலையில் எடுத்த பிறகே ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பின் காத்திருக்க வேண்டும். ஒரு அங்குலச் சுவர் உலர ஒரு மாதம் என்று கொத்தனார்கள் சொல்லும் கணக்கு கரடுமுரடானதுதான் என்றாலும், ஒன்பது அங்குலச் சுவருக்கு அவசரப்படுவதில் பயனில்லை என்பதை அது உணர்த்துகிறது. அதற்குள் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

வெளியூரிலும் தமிழ்நாட்டிலும் இருந்துகொண்டு இங்கே கிட்டங்கியோ (சரக்குக் கிடங்கோ) கடைவீடோ வைத்திருக்கும் குடும்பங்கள், ஊரில் இருக்கும் ஒருவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்து வைக்க வேண்டும். பங்காளிகளின் கையெழுத்துக்காக முட்டுக் கொடுக்கும் வேலை காத்திருக்க முடியாது. தீக்காப்புறுதியின் நிபந்தனைகளையும் இப்போதே எடுத்துப் படியுங்கள்: கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால், நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாதவரை காப்பு செல்லாது என்ற வரி பெரும்பாலான பத்திரங்களில் இருக்கிறது. ஆளில்லாத வீடு என்று எழுதிக் கொடுத்து, அவர்கள் கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தி, ஒப்புதல் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.