டெர்மினலில் ஓடுது, மெனுவில் ஓடலை

எங்கள் கணினிகளில் சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளமான சோலாரிஸ் 8 ஓடிக்கொண்டிருந்த காலம். டெஸ்க்டாப் என்றால் எங்களுக்கு சிடிஇ (காமன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்) தான். 1993-இல் சன், ஹெச்பி, ஐபிஎம் எல்லாம் போட்டியை ஓரங்கட்டிவிட்டுச் சேர்ந்து அறிவித்த டெஸ்க்டாப் அது.

"சார், டெர்மினல்ல பேரை அடிச்சா ஓடுது. மெனுவுல கிளிக் பண்ணா ஒண்ணுமே வரலை" என்று வந்து நின்றார் வரைபடப் பிரிவுக்காரர். ஓட அனுமதி தரும் லைசென்ஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்று அந்த மென்பொருளுக்கு ஒரு சூழல் மாறி (ப்ரோகிராம்கள் எடுத்துப் பார்க்கும், பெயரிட்ட ஒரு மதிப்பு) சொல்ல வேண்டும். லாகின் செய்யும்போது படிக்கப்படும் அமைப்பு ஃபைலான அவருடைய டாட் ப்ரொஃபைலில் அது இருந்தது, அங்கிருந்து தொடங்கும் ப்ரோகிராம்களுக்கும் போகும்படி எக்ஸ்போர்ட்டும் செய்திருந்தார். டெர்மினலில், மாறிகளைப் பட்டியலிடும் என்வ் கட்டளையை அடித்தால் கண்ணெதிரே நின்றது. நான் சர்வரைச் சந்தேகப்பட்டேன், பிறகு லைசென்ஸை, பிறகு மென்பொருள் விற்றவர்களை. அரை நாள் போனது.

மதியத்துக்கு மேல்தான் உறைத்தது. மெனுவிலிருந்தே என்வ் கட்டளையை ஓடவிட்டு, வெளியீட்டை ஒரு ஃபைலில் கொட்டச் சொன்னேன். மாறி அதில் இல்லவே இல்லை.

அவருடைய டெர்மினல் ஒவ்வொரு முறையும் லாகின் ஷெல்லாக, அதாவது அப்போதுதான் லாகின் செய்தது போல, திறந்து ப்ரொஃபைலைப் படித்துக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் படிக்கவில்லை. யூனிக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமுக்கு) கிடைப்பது அதன் தாயிடம், அதாவது அதைத் தொடங்கிய ப்ராசஸிடம், இருந்த மாறிகளின் நகல். பிள்ளை சேர்த்தது தாய்க்குப் போகாது, பக்கத்தில் நிற்கும் உடன்பிறப்புக்கும் போகாது. டெர்மினலும் மெனுவும் டெஸ்க்டாப்பின் தனித்தனிப் பிள்ளைகள்.

மருந்து, டெஸ்க்டாப் கிளம்பும்போது படிக்கும் டாட் டிடிப்ரொஃபைல் என்ற ஃபைலின் கடைசியில் இருந்தது. 'டிடிசோர்ஸ்ப்ரொஃபைல்' என்ற மாறிக்கு 'ட்ரூ' கொடுத்து டெஸ்க்டாப்பையும் ப்ரொஃபைலைப் படிக்கவைக்கும் வரி, முன்னால் ஒரு ஹேஷ் குறியோடு செயலற்றுக் கிடந்தது. குறியை எடுத்தேன். "லாகவுட் பண்ணிட்டு மறுபடி வாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

வந்தார். பாஸ்வேர்டு அடித்தார். திரை அப்படியே உறைந்தது.

பக்கத்து மேசையிலிருந்து, டெஸ்க்டாப் இல்லாமல் நெட்வொர்க் வழியாக நுழைய உதவும் டெல்நெட்டில் அவர் கணக்கில் நுழையச் சொன்னேன். "எந்த டெர்மினல்?" என்று கேட்டது. விடி100 என்று ஒரு டெர்மினல் வகையின் பெயரை அடித்ததும் உள்ளே விட்டது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. யாரோ எப்போதோ ப்ரொஃபைலில் எழுதிய கேள்வி அது. சரியான பதில் வரும்வரை விடாமல் கேட்கும். டெஸ்க்டாப் கிளம்பும்போது பதில் சொல்ல விசைப்பலகைக்கு முன் யார் இருக்கிறார்கள்? டாட் டிடி அடைவிலுள்ள ஸ்டார்ட்லாக் என்ற பதிவு ஃபைலைத் திறந்தேன். அதே கேள்வி, பக்கம் பக்கமாக.

அந்தப் ப்ராசஸைக் கொன்றுவிட்டு, டிடி என்ற மாறி இல்லாதபோது மட்டும் கேள்வி ஓடும்படி ஒரு இஃப் நிபந்தனை போட்டேன். டெஸ்க்டாப் வழியாகப் ப்ரொஃபைல் படிக்கப்படும்போது சிடிஇ அந்த மாறியை வைத்துவிடும். இப்படிச் செய்யச் சொல்லி டிடிப்ரொஃபைலின் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மேலே இருந்ததைப் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

இந்த முறை மெனுவில் கிளிக் செய்ததும் மென்பொருள் திறந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்க்கப் போனார்.

மாலையில் மற்றவர்களின் ப்ரொஃபைல்களையும் க்ரெப் போட்டுத் தேடினேன். பாதிப் பேரிடம் அதே கேள்வி. புதிதாகச் சேர்பவர்களுக்கு நகலெடுத்துக் கொடுக்கும் மாதிரி ஃபைலிலேயே இருந்திருக்கிறது. நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.