கெண்டோ குறிப்பு: மென் கட்டத் தொடங்கிய பிறகு

டோக்கியோவில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வார்டு விளையாட்டுக் கூடத்தில், வேலை முடிந்த பிறகு நடக்கும் வகுப்பில்தான் கெண்டோ என்கிற ஜப்பானிய வாள்கலையைப் பழகுகிறேன். கவசம் போட அனுமதி கிடைத்த பிறகு என்ன முன்னேற்றம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அடி இன்னும் அதே வேகத்தில்தான் இருக்கிறது. முன்னேறியிருப்பது மரியாதை முறைகள்தான்.

வாசலில் குனிந்து வணங்குவது, செருப்பை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பது எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். செய்சா என்கிற உட்காரும் முறை அப்படியில்லை. சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காருகிறவனுக்கும், மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்தால் கால் மரத்துத்தான் போகிறது. உட்காரும்போது இடது முட்டி முதலில் தரையைத் தொட வேண்டும். எழும்போது வலது கால் முதலில் வரும். இடது இடுப்பில் வாள் இருப்பதாகக் கணக்கு, வலது கால் முன்னால் இருந்தால்தான் அதை உருவ வசதி. இந்தக் காரணம் தெரிந்த பிறகு கால் குழம்புவதில்லை.

அதிகம் பாடுபட்டது மென் கட்டுவதில். மென் என்பது இரும்புக் கம்பி வைத்த முகக்கவசம். "மென் ட்சுகே" என்று குரல் வந்ததும் தலையில் தெனுகுயி துணியைச் சுற்றி, மென்னை மாட்டி, கயிற்றை இழுத்துப் பின்தலையில் முடிச்சுப் போட்டு, கொதே என்கிற கையுறைகளையும் போட வேண்டும். எதிரே மேல்வரிசையில் சென்செய்யும், அதாவது ஆசிரியரும், கட்டிக்கொண்டிருப்பார். அவர் முடிப்பதற்குள் நாம் தயாராகிவிடுவது முறை. பல வருடமாகக் கட்டுகிற கை அவருடையது, கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடுவார்! கழற்றும்போது நேர்மாறு. அவர் மென்னை இறக்கிய பிறகுதான் நாம் முடிச்சில் கை வைக்கலாம்.

வேகமாகக் கட்டினால் மட்டும் போதாது. பக்கவாட்டில் கயிறுகள் முறுக்கிக்கொள்ளாமல் படிந்திருக்க வேண்டும். முடிச்சிலிருந்து தொங்கும் கயிறு 40 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே கட்டிப் பழகினேன், கண்ணாடி பார்க்காமல். இப்போது சென்செய்யோடு ஏறக்குறைய சேர்ந்தே முடிக்கிறேன். நடுவில் அவிழ்ந்துவிட்டால் மறைக்கத் தேவையில்லை. எதிராளியிடம் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து கட்டிக்கொள்ளலாம். தளர்ந்த மென்னோடு நின்றால்தான் திட்டு விழும்.

அப்புறம் ஷினாய். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய வாள் அது. பெரியவர்களுக்கு அதிகபட்சம் 120 சென்டிமீட்டர் நீளம், ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம் எடை. ஒரு பக்கம் ஓடும் கயிறு வாளின் முதுகு, அதற்கு எதிர்ப்பக்கம்தான் வெட்டும் விளிம்பு. அதை ஊன்றிக்கொண்டு நிற்கக்கூடாது, தாண்டக்கூடாது, அடுத்தவருடையதைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடும் ஊர்க்காரனுக்கு இதற்கெல்லாம் விளக்கமே தேவைப்படவில்லை.

வகுப்புக்கு முன்னால் பட்டைகளை விரலால் தடவிச் சிலும்பு இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் வேறு வகை. உடைந்த மூங்கில் துண்டு மென் கம்பிக்குள் புகுந்தால் எதிராளியின் கண் போய்விடும். என்னைக் கேட்டால், எத்தனை அழகாகக் குனிந்தாலும் இதைச் செய்யாதவரோடு நின்று ஆட மாட்டேன்.

எதிராளியோடு வணங்கும்போது சுமார் 15 டிகிரி குனிய வேண்டும், பார்வை அவரை விட்டு விலகக்கூடாது. முன்பக்க மேடையை நோக்கி வணங்குவது இரண்டு மடங்கு ஆழம், 30 டிகிரி. பிறகு மூன்று எட்டு முன்னால் போய், ஷினாயை உருவிக்கொண்டே குதிகால் தூக்கிக் குந்துவது சொன்க்யோ. எனக்கு இதில் தடுமாற்றம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. முட்டிகளை நன்றாக விரித்து முதுகை நிமிர்த்தினால் நிற்கிறது.

அடி சரியாக விழுந்தாலும் துள்ளக்கூடாது என்பது இன்னொரு முறை. போட்டியில் புள்ளி எடுத்தவர் முஷ்டியை உயர்த்திக் கொண்டாடினால் நடுவர்கள் அந்தப் புள்ளியை ரத்து செய்யலாம். அடித்த பிறகும் எதிராளியை எதிர்கொள்ளத் தயாராக இருப்பதையும் சேர்த்துத்தான் புள்ளி தருகிறார்கள். பார்வையாளர்களும் கைதட்டுவதோடு சரி. முதலில் இது கொஞ்சம் வறட்சியாகத்தான் பட்டது. அடி வாங்கும் பக்கம் நின்று பார்த்த பிறகு எனக்குப் பிடித்துப்போனது. தலையில் அடித்தவர் நம்மைப் பார்த்து ஆடாமல் திரும்பி நின்று காத்திருந்தால், வலி இருந்தாலும் எரிச்சல் வருவதில்லை.

நான் எதிர்பார்த்துப் போவது வகுப்பு முடிந்த பிறகு வரும் சில நிமிடங்களை. நம்மோடு ஆடிய ஒவ்வொரு சென்செய்யிடமும் ஓடிப்போய் மண்டியிட்டு நன்றி சொல்ல வேண்டும். அவர் ஒரே ஒரு குறை சொல்வார், அதற்கு மேல் இல்லை. எனக்குப் போன வாரம் கிடைத்தது, "வலது கையில் பலம் அதிகம்." அதற்கு முந்தின வாரமும் அதேதான். விளக்கம் கேட்டு வாதாடுவது வழக்கமில்லை. ஜப்பானிய மொழியில் "ஹாய்", அதாவது "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன்.

அடுத்தது காதா, அதாவது முன்பே வகுத்துவைத்த வாள் அசைவுகள். 1912-ல் தொகுத்த பத்து வடிவங்கள், அதில் ஏழு நீள வாளுக்கு, மூன்று குறுவாளுக்கு. முதல் மூன்றை மட்டும் தொடங்கச் சொல்லியிருக்கிறார் சென்செய், ஆகவே நீளமான மரவாள் ஒன்று வாங்கினால் இப்போதைக்குப் போதும்.