ரோப் கார் இன்று இயங்காது

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மழை பெய்து, அடுத்த நாளே எல்லாம் உறைந்துபோனது. கனடாவின் ஒன்டாரியோவில் காலிங்வுட் பக்கம், நான் வேலை பார்க்கும் பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பேரப்பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "இந்த வருஷம் பனி ஏன் இவ்வளவு மோசம்? எங்கே கால் வைத்தாலும் ஐஸ்!"

பிறந்ததிலிருந்து பனியில் புரண்டவர் அவர். நான் சேமியா ஐஸையும் பால் ஐஸையும் தவிர வேறு ஐஸைப் பார்க்காமல் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் வளர்ந்தவன். என்னிடம் வந்து பனி சரியில்லை என்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு "சாரி மேடம்" என்றேன். ஆனால் ஒன்று, பாட்டி ஆள் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். அவர் காலடியில் கிடந்ததில் பாதிக்கு மேல் நாங்கள் செய்த பனி.

வேலை கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "பனி செய்யுற வேலையா? அங்க அது வானத்துல இருந்து விழாதா கண்ணு?" என்று கேட்டார். விழும். ஆனால் நவம்பரில் கடை திறக்கவேண்டிய முதலாளிக்கு வானத்தை நம்பி இருக்க முடியாது. இந்த மலையும் இமயமலை இல்லை. நயாகரா அருவி எந்தப் பாறைச் சரிவிலிருந்து விழுகிறதோ அதே சரிவு வடக்கே நீண்டு வந்து இங்கே நிற்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு இருநூறு மீட்டர் சொச்சம், பழனி மலையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெய்த பனி ஒரு மழைக்குத் தாங்காது. அடியில் நாங்கள் போட்டு வைத்த கெட்டிப் பனிதான் ஏப்ரல் வரை மானத்தைக் காப்பாற்றும்.

1950இல் அமெரிக்காவின் கனெடிகட்டில் இப்படிப் பனி செய்வதைக் கண்டுபிடித்தவர்களும் பனி இல்லாமல் பிழைப்பு கெட்டவர்கள்தான். பனிச்சறுக்கு மட்டை செய்து விற்ற டே என்ற கம்பெனியைச் சேர்ந்த மூன்று பேர். பனியே இல்லாத வருடத்தில் மட்டையை யார் வாங்குவார்? பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசர், ஒரு நாசில், தோட்டத்து ஓஸ் மூன்றையும் சேர்த்துத் தாங்களே பனியைச் செய்துவிட்டார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான். அழுத்திய காற்றும் தண்ணீரும் ஒன்றாகச் சீறி வெளியே வரும். காற்று விரியும்போது சில்லிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஐஸ் துகள்கள் உண்டாகும். மற்றத் துளிகள் அவற்றோடு சேர்ந்து, தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிட வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு இரண்டு கன மீட்டருக்கு மேல் பனி கிடைக்கும்.

சொல்ல எளிது. முதலில் குளிர் வர வேண்டும். வெறும் தெர்மாமீட்டரை நம்பினால் ஏமாந்துபோவோம். காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கிற வெட் பல்ப் கணக்கு ஒன்று இருக்கிறது. அது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால்தான் மோட்டாரில் கை வைப்போம். காற்று நன்றாகக் காய்ந்திருந்தால் வெளியே பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்கூடப் பனி வரும். ஜார்ஜியன் வளைகுடாவின் ஈரக்காற்று அடிக்கும் ஊரில் அந்தக் கொடுப்பினை அடிக்கடி வாய்க்காது. எனவே சாப்பாட்டுப் பையோடு பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து, திரையில் எண் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். மும்முனை மின்சாரம் ராத்திரி எப்போது வரும் என்று அப்பா கிணற்றுமேட்டில் கயிற்றுக்கட்டிலில் காத்துக் கிடந்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர் பீடி பிடித்தார், நாங்கள் காபி குடித்தோம்.

என்னோடு ராத்திரி ஷிஃப்டில் இருந்த பெரியவருக்கு தார்ன்பரி பக்கம் ஆப்பிள் தோட்டம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மரம், அப்புறம் மலை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவர்தான். பனி சரியாக வருகிறதா என்று பார்க்க மீட்டர் கிடையாது. பனி ஊதும் இயந்திரமான ஸ்னோ கன்னுக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்று கையை நீட்ட வேண்டும். ஜாக்கெட் கைமேல் விழுகிற துகள் பட்டுத் தெறித்துப் போனால் உலர்ந்த பனி, இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திறக்கலாம். ஒட்டிக்கொண்டு பளபளத்தால் தண்ணீர் அதிகம், வால்வைக் குறைக்க வேண்டும். அவர் கையை நீட்டி நிற்பார், ஹெட்லைட் வெளிச்சத்தில் துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்ப்பார், விரலால் வழித்துப் பார்ப்பார், "ம்" என்பார். அந்த "ம்" கிடைக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

கொடுமை என்னவென்றால் ஓஸ்தான். கன்னை நிறுத்தினால் அடுத்த நிமிடமே ஓஸைக் கழற்றி, மேட்டுப்பக்கம் தூக்கி, உள்ளே இருக்கிற தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். சற்று அசந்தாலும் உள்ளே உறைந்து உலக்கையாகிவிடும், சுருட்டவும் முடியாது மடக்கவும் முடியாது, தோளில் போட்டுக் கீழே இறக்க வேண்டியதுதான். வால்வு உறைந்தால் கேஸ் டார்ச்சால் சூடு காட்ட வேண்டும். குழாய்த் துரு நாசிலில் அடைத்தால் கையுறையைக் கழற்றி நோண்ட வேண்டும். மைனஸ் 18இல் அதைச் செய்துவிட்டு வந்து பம்ப் ஹவுஸ் ஹீட்டருக்கு முன் கையை நீட்டும்போது விரல் நுனியில் ஒரு குத்தல் எடுக்கும் பாருங்கள், ஊர் வெயில்மேல் அதுவரை சொன்ன குறையெல்லாம் மறந்துவிடும்.

இப்போது பழகிவிட்டது. சறுக்க வருபவர்களை மலையேற்றும் லிஃப்டின் பராமரிப்புக்கு மாறிவிட்டேன், பகல் வேலை, சம்பளமும் பரவாயில்லை. குளிர்கால டயர், மண்வாரி, பழைய பிக்கப், எல்லாம் சேர்ந்துவிட்டது. இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கயிறும் கப்பியும் மேலே ஏறுகிற கூட்டமுமாக ஒரு மலையடியில் தினமும் நின்றால், பழனியை மறப்பது எப்படி?

சேர்லிஃப்டின் கதையைக் கேட்டபோது இன்னும் மோசமாகிவிட்டது. 1936இல் ஐடஹோவின் சன் வேலியில் முதல் சேர்லிஃப்டை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கரன் என்ற ரயில்வே இஞ்சினியர். அதற்குமுன் வாழைத்தாரைக் கப்பலில் ஏற்றும் கொக்கி வடத்தைச் செய்தவர். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினால் மனிதர்களை மலையேற்றலாம் என்று தோன்றியிருக்கிறது. வாழைத்தார் என்றதும் எனக்கு விருப்பாச்சிப் பழமும் அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடையும்தான் கண்முன் வந்தன. சக ஆட்களிடம் சொன்னேன். பழத்தைப் பிசைந்து, வெல்லம், தேன், நெய், பேரீச்சை சேர்த்து டப்பாவில் அடைப்போம் என்றதும் ஒருவன், "கெட்டுப்போகாதா?" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

என் ஆதங்கம் வேறு. லிஃப்ட் நின்றால் இங்கே மனிதர்கள் படுத்தும் பாடு! கயிறு ஓடுகிற கப்பி வரிசை ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுலபமாக உடையக்கூடிய சின்னக் கம்பி ஒன்று இருக்கும். கயிறு தடம் விலகினால் அதில் இடிக்கும், கம்பி உடையும், மின்சுற்று அறுந்து லிஃப்ட் தானாக நின்றுவிடும். உயிரைக் காப்பதற்கென்றே உடைகிற கம்பி. ஆனால் அதே சுற்றில் ஒரு இணைப்பில் ஈரம் புகுந்து உறைந்தாலும் லிஃப்ட் நிற்கும். எந்த டவரில் கோளாறு என்று பார்க்காமல், ஏறிச் சோதிக்காமல் மறுபடி ஓட்ட முடியாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு, வரிசையில் முந்நூறு பேர் நிற்க, நான் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிறேன். மேலே நாற்காலியில் தொங்கும் ஒருவர், "டிக்கெட் காசு திரும்பத் தருவீர்களா?" என்று என் தலைக்கு மேலிருந்து கத்துகிறார். ஒரு சின்ன இணைப்பைத் துடைத்து மாட்டிவிட்டு இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. ராத்திரி காற்று திரும்பினால், பழைய சகாக்கள் ஊதும் பனி சறுக்குப் பாதையில் விழாமல் எங்கள் லிஃப்ட்மேல் விழும். காலையில் போய்ப் பார்த்தால் கயிறு, கப்பி, நாற்காலி எல்லாம் ஐஸ் கட்டி நிற்கும். ரப்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகத் தட்டி உதிர்க்க வேண்டும். ஆப்பிள்காரப் பெரியவர் தூரத்தில் நின்று கையை ஆட்டுவார். வாழ்த்தா நக்கலா என்று புரியாது.

பழனியில் ரோப் கார் 2004இல் வந்தது. அதற்கு முன்பிருந்தே, தண்டவாளத்தில் பெட்டியைக் கயிற்றால் இழுத்து ஏற்றும் விஞ்ச் உண்டு. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள், வருடத்துக்கு ஒரு முறை பல நாட்கள். காற்று பலமாக அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். 'ரோப் கார் இன்று இயங்காது' என்ற பலகையைப் பார்த்தால் சனம் அடிவாரத்தில் ஒரு நிமிடம் முணுமுணுக்கும், அப்புறம் "அரோகரா" என்று படியைப் பார்த்து நடக்கும். யானைப்பாதையில் ஏற முடியாதவர்கள் விஞ்ச் வரிசைக்குப் போவார்கள். 2007இல் ரோப் கார் விபத்தில் நான்கு பேர் இறந்த பிறகு, எங்கள் சித்தப்பா அதில் ஏறுவதையே விட்டுவிட்டார். பராமரிப்பு முடிந்ததும் பெட்டிகளில் எடைக்கல்லை வைத்துச் சோதனை ஓட்டம் விடுவார்கள் என்று பேப்பரில் படிக்கும்போது அப்போதெல்லாம் அது ஒரு செய்தி, அவ்வளவுதான். இங்கே புது லிஃப்டுக்கு நாற்காலிகளில் தண்ணீர் ட்ரம்மை ஏற்றி ஓட்டிப் பார்த்த அன்று, பேப்பரின் அந்த மூலையும் டீக்கடை பெஞ்சும் அப்படியே கண்ணில் நின்றன.

கோடையில் எங்கள் வேலை யாருக்கும் தெரியாது. கப்பி ரப்பரைத் தடவிப் பார்த்து மாற்றுவோம். நாற்காலியைக் கயிற்றில் கவ்வியிருக்கும் பிடியைக் கழற்றிச் சோதித்து, பழைய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி மாட்டுவோம். ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டிருந்தால் அங்கே கயிறு களைத்துவிடும். பராமரிப்பு என்று கோடையில் பலகை மாட்டினால் படிக்க ஆளில்லை. ஜனவரியில் மாட்டினால் திட்டு.

இங்கே கூட்டம் அதிகமாகும் ஜனவரி, பிப்ரவரியில்தான் தைப்பூசமும் வருகிறது, எனவே லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. இந்த வருடமும் அம்மா போய்விட்டு வந்து போன் செய்தார். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நடந்து வந்த கூட்டம், காவடி, அன்னதானம், செருப்பு தொலைந்த கதை எல்லாம் சொன்னார். ரோப் காரில் போனாராம். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். பெட்டி ஆடியதா, டவரைத் தாண்டும்போது தடதடவென்று சத்தம் கேட்டதா, கப்பி ரப்பர் புதுசா தேய்ந்ததா, பார்த்தீர்களா?

அம்மா சற்று நேரம் பேசவில்லை.

"சாமி கும்பிடப் போனவகிட்ட கப்பியப் பத்தி என்னடா கேள்வி?"