ரெண்டு டிரைவர் செத்துப்போன கதை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆம்பளைகள் எல்லாம் வீட்டில் கிடந்து பொம்பளைகள் உயிரை வாங்குவார்கள். படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் இப்போதுதான். பேரும் நம்பரும் எழுத ஆள் சிக்கவில்லை என்று மாமா புலம்பிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அட்டையில எழுத்து வெட்டுற மெஷினே செஞ்சு தாறேன் மாமா, அட்டைய வச்சு பெயிண்ட அடிச்சா முடிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அடி அடியாகத் திரும்பும் நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் ரெண்டு, கட்டளை கொடுக்க ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, மோட்டாரை ஓட்ட ஏ4988 டிரைவர் போர்டு நாலு. ரெண்டு போதும், ஆனால் நம்ம கை எனக்குத் தெரியும், அதனால் நாலு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலே எறும்புத் தலை மாதிரி ஒரு திருகு. மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் போகலாம் என்று அந்தத் திருகில்தான் வைக்க வேண்டும். வைக்காமல் ஓட்டினால் ஒன்று மோட்டார் முக்கிக்கொண்டே நிற்கும், இல்லையென்றால் அடுப்பாகிவிடும்.

முதல் போர்டு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மோட்டார் வயர் லூசாக இருக்கிறதே என்று கரண்ட் ஓடும்போதே பிடுங்கிச் சொருகினேன். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயிலில் ஓடுகிற கரண்டை அப்படிப் பட்டென்று அறுத்தால் அது போக வழியில்லாமல் வோல்டேஜாக எகிறி டிரைவரின் தலையில்தான் இறங்கும். இறங்கியது. இரண்டாவது, திருகைத் திருப்பும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிப் பக்கத்துப் பின்னில் பட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம், சின்னதாகப் புகை, அவ்வளவுதான்.

மூன்றாவதை ஒழுங்காகக் கணக்குப் போட்டு வைத்தேன். மோட்டார் 1.5 ஆம்பியர் தாங்கும், நமக்கு 1 போதும். ஆம்பியரை 8-ஆல் பெருக்கி, கரண்டை அளக்கப் போர்டில் இருக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் அளவால் பெருக்கினால் திருகில் வைக்க வேண்டிய வோல்ட் வரும். ரெசிஸ்டர் 0.1 ஓம், ஆக 0.8 வோல்ட். வைத்தேன். பத்து நிமிஷத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அதைத் தாங்கிய பிளாஸ்டிக் பிடி 60 டிகிரி தாண்டினாலே இளகும் ரகம், அது மத்தியான வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி தலை சாய்ந்துகொண்டிருந்தது. மோட்டாரோ கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். டிரைவர் சிப் கொதித்துத் தானே அணைந்து, ஆறியதும் விழித்துக்கொள்கிறது.

கொல்லையில் நின்று ராம்நாட்டில் இருக்கிற கூட்டாளிக்கு போன் போட்டேன். காற்று இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். "டேய், ரெண்டு டிரைவர் செத்துப்போச்சுடா! மூணாவதுக்கு ஒடம்பெல்லாம் கொதிக்குது, நின்னு நின்னுதான் ஓடுது, எப்ப போகும்னே தெரியல!"

படலுக்கு அந்தப் பக்கம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு இது முழுசாகக் கேட்டிருக்கிறது. அவர் தம்பி ஐஸ் லாரி ஓட்டுகிறார். நான் போனை வைப்பதற்குள் அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலில், பின்னால் நாலு பொம்பளைகள், கருவாட்டைக் காவல் காக்க ஆளில்லாமல் காக்காய்க்குக் கொண்டாட்டம்.

"எந்த வண்டிப்பா? பாம்பன் பாலத்துலயா?"

"வண்டி இல்ல அத்தை. டிரைவர்."

"அதத்தானப்பா கேக்குறேன், யாரு பெத்த புள்ளைங்க?"

ஓடிப்போய்ச் செத்த ரெண்டையும் உள்ளங்கையில் எடுத்துவந்து காட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இதுக்கா டிரைவர்னு பேரு வச்சிருக்க?" அதற்கப்புறம் அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

சத்தம் கேட்டு மாமா வந்தார், கூடவே அக்கா மகள், அஞ்சாம் வகுப்பு. மாமா படகு பேட்டரி வேலையெல்லாம் பார்ப்பவர். என் மீட்டர் முனையைப் பார்த்ததும் சிரித்தார், உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது, ரீடிங் ஏன் குதித்தது என்று அப்போதுதான் புரிந்தது. உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, பல் வைத்த கிளிப் ஒன்றால் மீட்டரின் சிவப்பு வயரை ஸ்க்ரூ டிரைவர் கம்பியிலேயே கவ்வ வைத்தார். கறுப்பு வயர் போர்டின் கிரவுண்ட் பின்னில். மோட்டாரைக் கழற்றியாயிற்று, யுஎஸ்பியில் வரும் 5 வோல்ட் மட்டும்தான். இப்போது திருப்பத் திருப்ப வோல்ட் தெரிகிறது, ஒரு கையால் திருப்பி இன்னொரு கையால் அளந்து மூன்றாவது கை தேட வேண்டியதில்லை. மீட்டர் அதே 0.8-ஐத்தான் காட்டியது. அப்புறம் ஏன் கொதிக்கிறது?

"மாமா, இதுல என்ன எழுதிருக்கு தெரியுமா?" என்று பிள்ளை போர்டை மூக்குக்கு நேராகப் பிடித்தாள். சிப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு எள்ளு, அதுதான் அந்த ரெசிஸ்டர். "ஆர், சைபர், அஞ்சு, சைபர்."

ஆர்100 என்று நான் பார்க்காமலே முடிவு கட்டியது ஆர்050. 0.1 ஓம் இல்லை, 0.05. ஒரே பேரில் விற்கிற போர்டுதான், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ரெசிஸ்டர் போடுகிறார்கள், எனக்கு அது தெரியும், தெரிந்தும் பார்க்கவில்லை. வைக்க வேண்டியது 0.4 வோல்ட். நான் 1 ஆம்பியர் என்று நினைத்துக்கொண்டு 2 ஆம்பியர் ஊட்டியிருக்கிறேன், ஒன்றரைக்குப் பிறந்த மோட்டாருக்கு. இதில் அடாப்டர் பக்கம் மீட்டரை வைத்து "ஒரு ஆம்பியர்கூட இழுக்கலையே" என்று சந்தோஷப்பட்டது வேறு. டிரைவர் கரண்டை வெட்டி வெட்டித்தான் காயிலுக்குக் கொடுக்கும், அடாப்டரில் தெரிவதும் காயிலில் ஓடுவதும் ஒன்றில்லை.

மாமா மூச்சை அடக்கி நூலளவு திருப்பினார். 0.62, 0.47, 0.38, கொஞ்சம் திரும்ப, 0.40. நாலாவது போர்டையும் அதே அளவில் வைத்தோம். மோட்டார் வெதுவெதுப்போடு நின்றது, சாய்ந்த பிடிக்கு மட்டும் மாமா அலுமினியத் தகடு வளைத்துக் கொடுத்தார்.

ரெண்டு நாளில் படகுப் பேர் வெட்டி முடிந்தது. பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம், அத்தைக்குக் காக்காய் தின்ற கருவாட்டுக்கு நூறு ரூபாய். நேற்று தெருக்குழாயடியில் அத்தை என்னை நிறுத்தி, அத்தனை பேர் முன்னால் கேட்கிறார்: "மூணாவது டிரைவருக்குக் காய்ச்சல் விட்டுருச்சா தம்பி?"