அலாய் வீல் விற்பனை: பின்பக்கத்தைக் கழுவிப் பார்க்காததால் வந்த அலைச்சல்

காரை விற்ற பிறகும் என்னிடம் தங்கிவிட்ட 18 அங்குல அலாய் வீல்கள் நான்கையும் ஒருவழியாக விற்றுவிட்டேன். படம் எடுத்ததும் விளம்பரம் கொடுத்ததும் ஒரே மாலையில் முடிந்தன. அதன்பின் பட்ட பாட்டுக்கெல்லாம் நான் தவறாக எடுத்த ஓர் அளவே காரணம்.

வாங்குபவர் முதலில் கேட்பது பி.சி.டி.யைத்தான், அதாவது நட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டத்தை. ஐந்து துளை வீலில் ஒரு துளைக்கு நேர் எதிரே இன்னொரு துளை இருக்காது என்பதால் அதை நேரடியாக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். நான் டேப்பை வைத்து 67 மி.மீ. என்று படித்து, கணக்கு 114ஐ ஒட்டி வந்ததால், 5x114.3 (ஐந்து துளை, பி.சி.டி. 114.3 மி.மீ.) என்று விளம்பரத்தில் எழுதிவிட்டேன். 5x112 வீலில் அந்தத் தூரம் 65.8 மி.மீ.; 5x114.3 வீலில் 67.2. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. சந்தேகத்தோடு ஒரு டயர் கடையில் கேட்டபோது, ஐந்து நட் வீல் எல்லாம் ஒன்றுதான் என்று அங்கிருந்தவர் அடித்துச் சொன்னதையும் நம்பினேன்.

நான்கு வீல்களையும் ஏற்றிக்கொண்டு, முன்பணம் கொடுத்திருந்தவர் வீட்டுக்கே போனேன். அவர் காரை ஜாக்கில் தூக்கி வைத்துக் காத்திருந்தார். ஸ்டட்கள், அதாவது நட் மாட்டுவதற்காகக் காரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டுகள், துளை விளிம்பில் இடித்தன. வீல் உள்ளே போகவில்லை. நட்டை முறுக்கி இழுத்தால் உட்கார்ந்துவிடும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னதை நாங்கள் இருவருமே ஏற்கவில்லை. அப்படி வலிந்து மாட்டினால் ஸ்டட் வளையும், ஓட்டத்தில் நட் தளரும். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் வீலின் பின்பக்கத்தில் படிந்திருந்த பிரேக் தூசியைக் கழுவியதும் 8ஜே (அகலம் 8 அங்குலம்), ஈ.டி.45 (வீலின் நடுக்கோட்டிலிருந்து காரில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம் 45 மி.மீ.), 5x112 என்று எல்லாமே அங்கே பொறித்திருந்தது தெரிந்தது. முதல் நாளே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. ஆகவே டேப்பை எடுக்கும் முன் வீலைக் கழுவுங்கள், அந்தப் பொறிப்பையே படம் எடுத்துப் போடுங்கள்.

டயரிலும் ஒரு பாடம் காத்திருந்தது. நடுவில் பட்டன் ஆழம், அதாவது தரையில் படும் பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம், 5 மி.மீ. இருந்ததால் நல்ல நிலை என்று எழுதியிருந்தேன். அடுத்து வந்தவர் வீலைத் திருப்பி உள் ஓரத்தில் அளந்தார். இரண்டு டயர்களில் அங்கே 2 மி.மீ.தான் மிச்சம். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழமே 1.6 மி.மீ. வீலின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும்படி உள்சாய்வு அதிகம் வைத்து ஓட்டிய காரில் டயர் இப்படித்தான் உள்ஓரமாகத் தேயும், நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. போதாததற்கு, மூன்று டயர்களில் தயாரிப்புக் குறி 2219 என்றிருக்க, நான்காவதில் மட்டும் 0821 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அவர் கோபப்படாமல் சுட்டிக்காட்டினார், ஆனால் வாங்கவில்லை.

அதன்பின் டயர்களைக் கழற்றிவிட்டு வீல்களை மட்டும் விற்க முடிவு செய்தேன். டயர் இல்லாத வீலில் உள்வளையத்தின் வளைவும் விரிசலும் மறைக்க இடமின்றித் தெரியும் என்பதால், வாங்குபவருக்கும் நம்பிக்கை வந்தது. கடைசியாக வந்தவரின் காரில் ஹப் (வீலின் மையத் துளைக்குள் நுழையும் பகுதி) விட்டம் 57.1 மி.மீ., என் வீலின் மையத் துளை 66.6, இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங்குகள் என்னிடமே இருந்ததால் அவற்றையும் கொடுத்தேன். அவருடைய போல்ட்டுகளில் வீலின் மேல் உட்காரும் பகுதி உருண்டை வடிவம், என் வீலுக்கோ கூம்பு வடிவம் வேண்டும் என்பதை இம்முறை நானே முன்கூட்டிச் சொன்னேன். அவர் சரியான போல்ட்டுகளோடு வந்து, அங்கேயே ஒரு வீலை மாட்டிக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் நான்கையும் எடுத்துச் சென்றார்.