பெரியப்பாவின் முதுகு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் வசிக்கும் பெரியப்பா, 17 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றியவர். மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்ததில் முதுகெலும்பு அடிபட்டு ஊர் திரும்பினார். தெருவில் சாவு ஊர்வலம் போகும்போது வெடி வெடித்தால் அவர் காதைப் பொத்துவதில்லை, இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். அன்றிரவு விடியும் வரை மாடியில் அவர் நடக்கும் ஓசை கேட்கும்.

வலிக்கும் அச்சத்திற்கும் என்ன தொடர்பு என்று நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். தண்டுவடத்தில் வலிச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு வாயில் இருப்பதாகவும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அதைத் திறந்து மூடுவதாகவும் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள். பதற்றம் தசைகளை இறுக்குகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை மறுநாள் வலியை இன்னும் கூர்மையாக்குகிறது. போர்முனை கண்டவர்களிடம் நாள்பட்ட வலியும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலும் அடிக்கடி சேர்ந்தே காணப்படுவது இதனால்தான் போலும்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்ட அட்டையை அவர் முதுகுக்கு மட்டுமே பயன்படுத்துகிறார். மனநல மருத்துவர் என்றதும், "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று சீறினார். 1794 முதல் நோயாளிகளைக் கவனித்துவரும் ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கிய பெருமை நம் சென்னைக்கே உரியது!

ஆகவே, கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான 14416ஐ அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். சென்ற வாரம் அழைத்திருக்கிறார்; முதல் பத்து நிமிடம் முதுகைப் பற்றி மட்டுமே பேசினாராம்.