43 ஃபைல், மொத்தம் எத்தனை பக்கம்?

ஒரு கட்டுரைத் தொகுப்பு. 43 வேர்டு ஃபைல்கள். மொத்தம் எத்தனை பக்கம் வரும் என்று அச்சகத்தில் கேட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் திறந்து, கீழே ஓரத்தில் தெரியும் எண்ணைத் தாளில் குறித்துக் கூட்டினேன், 412 வந்தது. சந்தேகத்தில் மறுபடி எல்லாவற்றையும் திறந்து குறித்துக் கூட்டினால் 405! பெரிய ஃபைலைத் திறந்ததும் அந்த எண் முதலில் 3 என்று காட்டும், வேர்டு பக்கம் பிரிக்கப் பிரிக்க 9, 14 என்று ஏறிக்கொண்டே போகும். நான் அவசரத்தில் பாதியிலேயே குறித்திருக்கிறேன்.

சரி, திறக்காமலே பார்க்கலாமே என்று ஃபோல்டரில் டீடெயில்ஸ் வியூவுக்குப் போய், மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, 'மோர்' உள்ளே போய் 'பேஜஸ்' என்ற பத்தியைச் சேர்த்தேன். வரிசையாக எண்கள் வந்து நின்றன, சந்தோஷமாக இருந்தது. ஆனால் சிலவற்றுக்கு எதிரே காலி. இருபது பக்கத்துக்குக் குறையாத ஒரு கட்டுரைக்கு 1 என்று போட்டிருந்தது.

காரணம் எளிதுதான். டாக்எக்ஸ் ஃபைல், அதாவது இன்றைய வேர்டு ஃபைல், உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் டாக்ப்ராப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆப் டாட் எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கும், பக்க எண்ணிக்கை அதில்தான் எழுதியிருக்கிறது. கடைசியாக எதில் சேவ் செய்தார்களோ அந்த மென்பொருள் எழுதிவைத்துவிட்டுப் போன எண் அது. கூகுள் டாக்ஸ் போன்ற வேறு இடத்திலிருந்து இறக்கிய ஃபைல் என்றால் அந்த எண்ணே இல்லாமலும் இருக்கலாம். அப்புறம், எழுதியவர் கணினியில் இருந்த ஃபான்ட் நம்மிடம் இல்லையென்றால் வேர்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், வரி உயரம் மாறும், பக்கமும் மாறும். 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவுத் தாளில் அடித்ததை ஏ4-க்கு மாற்றினாலும் இதே கதைதான், ஏ4 கொஞ்சம் ஒல்லி, ஆனால் உயரம் கூடுதல்.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொட்டிவிடலாம் என்று இன்சர்ட் மெனுவில் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' வழியாகவும் முயன்றேன். அதைச் செய்யாதீர்கள். ஒரே பெயரில் ஸ்டைல் இருந்தால் முதல் ஃபைலின் ஸ்டைல்தான் ஜெயிக்கும், மற்றவர்களின் எழுத்து அளவும் இடைவெளியும் போச்சு.

கடைசியில் ஒரு சின்ன மேக்ரோ (வேர்டுக்குள் வேலையைத் தானே செய்து முடிக்கும் குட்டி நிரல்) எழுதி 43-ஐயும் பிடிஎஃப் ஆக்கி, ஒன்றாக இணைத்துப் பார்த்தேன். 431. பிடிஎஃபில் பக்கம் அச்சடித்த மாதிரி உறைந்துவிடும், யார் திறந்தாலும் அதே எண்தான்.

அதையும் அப்படியே அனுப்ப முடியவில்லை. ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு, ஒற்றைப்படையில் முடிகிற ஃபைல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம் சேரும். அப்படி 19 இருந்தன. 450 என்று எழுதி அனுப்பினேன்.